தேரில் கேட்ட அசரீரி

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நமது புராணக் கதைகளில் அடிக்கடி வந்துபோகும் ஒரு பாத்திரத்துக்கு ஊரும் இல்லை, உருவமும் இல்லை. அதனை அசரீரி என்பார்கள். சரீரம் இல்லாதது என்பது அந்தச் சொல்லின் பொருள். ஆகாயத்திலிருந்து ஒரு குரல் கேட்கும், சொல்ல வேண்டியதைச் சொல்லும், பிறகு மறைந்துவிடும். கம்சன் கதையில் வரும் அசரீரியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தங்கை தேவகிக்கும் வசுதேவருக்கும் கலியாணம் முடிகிறது. மணமக்களைத் தேரில் ஏற்றிக்கொண்டு கம்சன் தானே தேரோட்டிப் போகிறான். வழியிலே வானத்திலிருந்து குரல் கேட்கிறது. இவளுடைய எட்டாவது பிள்ளையால் உனக்கு மரணம் என்கிறது அந்தக் குரல்.

இந்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் படிப்பிக்கும் நான், ஒரு நாள் வகுப்பிலே இந்தக் கதையைச் சொல்லி முடித்தேன். பின் வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "சேர், அப்படியென்றால் வாகனத்தில் முதன்முதலாக ரேடியோ கேட்டவன் கம்சன்தானா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால், வானத்திலிருந்து வரும் குரலை ஒரு வாகனத்துக்குள் பிடித்து வைக்கும் வேலையை நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தையும், அது என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2006ஆம் ஆண்டு. அப்போது நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிது. என் அக்காவின் கணவரிடம் பழைய வான் ஒன்று இருந்தது. பண்டாரவளை, அப்புத்தளை, பெரகலை, கொஸ்லந்தை என்று ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் அவருடைய பிழைப்பு. அத்தானுக்குப் பாட்டு இல்லாமல் வண்டி ஓடாது. ஆனால் எங்கள் மலைப் பாதையில் பண்பலை வானொலி கேட்பது பெரும்பாடு. பண்பலை அலை ஏறக்குறைய ஒளியைப் போல நேர்கோட்டில் போவது. நடுவே ஒரு மலை வந்தால் அலையும் அங்கே நின்றுவிடும். அப்புத்தளைச் சந்தியில் தொடங்கிய பாட்டு பெரகலை இறக்கத்தில் இரைச்சலாகி, அடுத்த வளைவில் செத்துப்போகும். அதற்கடுத்த வளைவில் அந்தப் பாட்டின் கடைசி அடி கேட்கும். "பாட்டுக்கு நடுவுல கொட்டாவி விடுற மாதிரி இருக்கு மாப்ள" என்பார் அத்தான்.

அந்த நாளில்தான் உறவினர் ஒருவர் சென்னையிலிருந்து திரும்பும்போது 'வேர்ல்ட்ஸ்பேஸ்' வானொலிப் பெட்டி ஒன்றைச் சந்தாவும் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். நேயர்களில் சிலருக்கு இந்தப் பெயர் நினைவிருக்கும். எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா என்பவர் 1990இல் தொடங்கிய நிறுவனம் அது. தரையில் கோபுரங்களை நட்டு ஒலிபரப்புவதற்குப் பதிலாக, செய்மதியிலிருந்து நேரே சிறிய பெட்டிக்கு ஒலிபரப்புவது அவருடைய திட்டம். ஆபிரிக்காவுக்காக 1998 ஒக்டோபரில் 'அஃப்ரிஸ்டார்' என்ற செய்மதியும், ஆசியாவுக்காக 2000 மார்ச்சில் 'ஏஷியாஸ்டார்' என்ற செய்மதியும் விண்ணுக்கு ஏறின. எயிட்ஸ் போன்ற நோய்களைப் பற்றிய தகவல், செய்தி எட்டாத கிராமங்களுக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதே இந்த முயற்சிக்கு வித்திட்ட எண்ணம். தமிழுக்கும் அதிலே 'கே.எல். ரேடியோ' என்று ஓர் அலைவரிசை இருந்தது.

அமெரிக்காவில் 'எக்ஸ்எம்' 2001இலும் 'சிரியஸ்' 2002இலும் சேவையைத் தொடங்கின. 2008இல் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அவை கார்களையே குறியாகக் கொண்டவை. கடையில் ஒரு பெட்டியை வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமையில் தாமே காரில் பூட்டிக்கொள்வது அங்கே பலருக்கும் பழகிப்போன வேலை. எங்களிடம் இருந்ததோ வீட்டு மேசையில் வைத்துக் கேட்கும் பெட்டி. அதை வானில் பூட்டுவதென்று அத்தான் தீர்மானித்துவிட்டார். "நீ படிச்சவன்தானே, வா" என்று என்னையும் இழுத்துக்கொண்டார். தமிழ் படித்தவனுக்கு வயர் வேலை தெரியுமா என்று அவர் யோசிக்கவில்லை.

முதற் பிரச்சினை மின்சாரம். சிகரெட் பற்றவைக்கும் துவாரத்திலிருந்து மின்சாரம் எடுத்தோம். வானின் பற்றரி 12 வோல்ட். பெட்டிக்கு அவ்வளவு தேவையில்லை. ஆகவே வோல்டைக் குறைக்கும் சிறு சாதனம் ஒன்றையும், பாதுகாப்புக்கு ஒரு பியூசையும் இடையிலே சேர்த்தோம். இரண்டாவது பிரச்சினை ஒலி. வானில் கசற் போடும் கருவி இருந்தது. கசற் வடிவத்திலேயே வால்போல ஒரு வயர் நீளும் ஒரு பொருள் அந்தக் காலத்தில் கடைகளில் கிடைத்தது. அதை உள்ளே தள்ளி, வயரின் நுனியைப் பெட்டியின் காதொலித் துவாரத்தில் சொருகினால், வானின் ஒலிபெருக்கியில் சத்தம் வரும். வந்தது. ஆனால் பாட்டோடு சேர்ந்து எஞ்சினின் முனகலும் வந்தது. மிதித்தால் முனகல் உயரும், விட்டால் தாழும். வெவ்வேறு இடங்களில் 'எர்த்' எடுத்ததுதான் காரணம் என்று பண்டாரவளையில் ஒரு மின்சார வேலைக்காரர் சொன்னார். இரண்டையும் ஒரே இடத்தில் இணைத்ததும் முனகல் அடங்கியது.

மூன்றாவது பிரச்சினைதான் பெரியது. அது அன்ரனா. செய்மதி எங்கே நிற்கிறதோ அந்தத் திசையை அன்ரனாவின் முகம் பார்க்கவேண்டும். வீடு திரும்பாது, வண்டி திரும்பும். பெரகலையிலிருந்து கொஸ்லந்தைக்கு இறங்கும் பாதையில் எத்தனை வளைவுகள் என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். டாஷ்போர்டில் சாய்த்து வைத்தோம். ஒவ்வொரு வளைவிலும் குரல் அறுந்தது. பழைய நிலைமையே மேல் என்றாகிவிட்டது.

பாடசாலை நூலகத்திலிருந்த தேசப்படம் அப்போது கைகொடுத்தது. ஏஷியாஸ்டார் பூமத்திய ரேகைக்கு மேலே, கிழக்கு நெடுங்கோடு 105 பாகையில், ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நின்றது. நாங்கள் 81 பாகையில், பூமத்திய ரேகையிலிருந்து 7 பாகை வடக்கே இருக்கிறோம். கணித ஆசிரியர் ஒருவரிடம் இந்த எண்களைக் கொடுத்தேன். கடதாசியில் போட்டுப் பார்த்துவிட்டு, செய்மதி கிழக்கு வானில் சுமார் 60 பாகை உயரத்தில் இருக்கும் என்றார். அதாவது, அது உச்சிக்கு 30 பாகை சரிவில்தான் நிற்கிறது. அப்படியானால் அன்ரனாவைச் சாய்த்துக் கிழக்கைத் தேடவேண்டியதே இல்லை. கூரைமேல் மல்லாத்திப் படுக்க வைத்தால், வண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் செய்மதி அதன் பார்வைக்குள்ளேயே இருக்கும். மலை மறைப்பதும் குறைவு. மரம் மூடிய இடத்தில் மட்டும் குரல் நின்று, மரம் விலகியதும் திரும்ப வரும். அன்ரனாவைக் கூரையில் பொருத்தி, வயரைக் கதவு றப்பர் வழியாக உள்ளே எடுத்தோம். அன்று கொஸ்லந்தை வரைக்கும் பாட்டு ஏறக்குறைய அறுபடாமல் கேட்டது. அத்தான் ஒரு கையை வெளியே நீட்டிக் கூரையைத் தட்டிக்கொடுத்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

நேயர்களே, இனி நான் சொல்லப்போகும் சம்பவத்துக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். ஒரு மழை நாளில் கொஸ்லந்தையில் ஒரு பாட்டி வானில் ஏறினார். மீரியபெத்தையில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். பாட்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். அத்தான் பெருமையோடு வானத்தைக் காட்டினார். பாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஏம்பா, அம்புட்டு ஒசரத்துல இருந்து பேசுறாங்களே, எங்க மலை எப்ப எறங்கும்னு அவங்க சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டார். வானில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "அவங்களுக்கு நம்ம மலை இருக்கிறதே தெரியாது பாட்டி" என்றார் அத்தான். பாட்டி சிரிக்கவில்லை. "மலை எறங்கும், போயிருங்கன்னு ஒருக்கா வந்து சொல்லிட்டுத்தான் போனாங்க. எங்க போறது?" என்றார்.

அந்தக் கடைசிக் கேள்வியை அன்று நான் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை. அவர் பின்னர் மகளோடு வெல்லவாயப் பக்கம் குடிபோய்விட்டார் என்று அறிந்தேன்.

வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனம் 2008 ஒக்டோபரில் கடன் சுமையால் நீதிமன்றப் பாதுகாப்பைத் தேடியது. இந்தியச் சேவை 2009 டிசம்பர் 31ஆம் திகதியோடு நின்றது. எங்கள் பெட்டியும் ஊமையாகியது. செய்மதி மேலே நின்றது, அன்ரனா கூரையில் கிடந்தது, பேசுவதற்குத்தான் ஆள் இல்லை.

ஆனால் இந்தப் பெட்டிக்கு நம் நாட்டிலே இன்னொரு வரலாறும் உண்டு. அதை நான் பிற்காலத்தில்தான் வாசித்து அறிந்தேன். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்து போனது. அதன் பின்னர் லேர்ன் ஏசியா என்ற ஆய்வு நிறுவனமும் சர்வோதய இயக்கமும் சேர்ந்து, பாதிக்கப்பட்ட கரையோரக் கிராமங்களில் ஒரு பரிசோதனை நடத்தின. எச்சரிக்கையைக் கிராமத்துக்குக் கொண்டுசேர்க்க எந்தக் கருவி ஏற்றது என்பதுதான் கேள்வி. தொலைபேசி, கைத்தொலைபேசி, தூரத்திலிருந்து இயக்கும் எச்சரிக்கைக் கருவி ஆகியவற்றோடு செய்மதி வானொலியையும் வைத்துப் பார்த்தார்கள். அது வேர்ல்ட்ஸ்பேஸ் வானொலிதான். நாடு முழுவதற்கும் பொதுவாகப் பேசாமல், குறிப்பிட்ட பெட்டிக்கு மட்டும் முகவரியிட்டுச் செய்தி அனுப்ப அதனால் முடிந்தது. பாட்டி கேட்டது அதைத்தான். அந்த ஊருக்கு, அந்த மலைக்கு, அந்த வேளையில் பேசக்கூடிய குரல். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்திலேயே, அப்படிப்பட்ட குரலை நம் நாட்டுக் கடற்கரைகளில் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். மலைநாட்டுக்கு அது வரவில்லை. அந்தப் பரிசோதனை தந்த பாடமும் கவனிக்கத்தக்கது. ஒரே கருவியை நம்பியிருக்கக்கூடாது. செய்தி வந்தால் என்ன செய்வதென்று பயின்ற மனிதர்கள் ஊரிலே இருக்கவேண்டும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி புதன்கிழமை காலை ஏழரை மணியளவில் மீரியபெத்தை மலை இறங்கியது. லயங்கள் மண்ணுக்குள் போயின. கோயிலும் போயிற்று. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நேரத்தோடு பாடசாலைக்குப் புறப்பட்டிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களிற் சிலருக்குத் திரும்பிப்போக வீடும் இல்லை, வீட்டில் ஆளும் இல்லை. உயிர் தப்பிய குடும்பங்களிற் பல, தேயிலைத் தொழிற்சாலையொன்றின் தளத்தில் ஏறக்குறைய இரண்டு வருடங்கள் கிடந்து, 2016இல்தான் மகல்தெனியவில் கட்டப்பட்ட வீடுகளுக்குப் போயின.

அந்த நாட்களில் எல்லோரும் கேட்ட கேள்வி, முன்கூட்டியே சொல்லவில்லையா என்பது. சொன்னார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடத்தை விட்டு மக்களை அகற்ற வேண்டுமென்று எச்சரித்திருந்தது. அசரீரி பேசாமல் இருக்கவில்லை. கேட்டவர்களுக்குக் காதும் இருந்தது. இல்லாதிருந்தது, எழுந்து போய்க் கால் வைப்பதற்கு ஒரு துண்டு நிலம். லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். அதை விட்டுப் போனால் இன்னோர் அறை கிடைக்குமா, பேர் பதிந்த வேலை என்னவாகும், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்னவாகும்? இவற்றுக்குப் பதில் சொல்லாத எச்சரிக்கை பாதி எச்சரிக்கைதான். சொன்னோம், அவர்கள் கேட்கவில்லை என்று பின்னர் கூறுவதற்கு மட்டுமே அது உதவும்.

கம்சன் கதைக்கு வருகிறேன். அவன் குரலைத் தெளிவாகக் கேட்டான். ஆனால் கேட்டதும் என்ன செய்தான்? குரல் சொன்ன ஆபத்தைப் பற்றி யோசிக்காமல், பக்கத்திலிருந்த எளியவள் மீது வாளை ஓங்கினான். பிறகு அவளைச் சிறையில் அடைத்தான். அதிகாரம் எச்சரிக்கையைக் கேட்கும்போது செய்யும் தவறு இது. பொறுப்பைத் தான் ஏற்காமல், எளியவர் தலையில் கட்டிவிடுகிறது. மலையடிவாரத்தில் இருப்பவர்களைப் பார்த்து, ஏன் அங்கே இருந்தீர்கள் என்று கேட்பதும் அந்த வகையைச் சேர்ந்ததே.

அப்படியானால், வீடும் நிலமும் வரும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டிருப்பதா என்று நேயர்கள் கேட்கலாம். வான் கூரையில் அன்ரனாவைப் படுக்கவைத்த அந்தச் சிறு வெற்றி எனக்கு ஒன்றைக் கற்றுத்தந்தது. பெரிய விஞ்ஞானமும் நம் கையளவுக்கு இறங்கி வரும். ஒரு தேசப்படமும் ஒரு கணித ஆசிரியரும் இருந்தால் போதும். இப்போது ஒவ்வோர் ஆண்டும் மாரி தொடங்குவதற்கு முன்னர், என் மாணவர்களைக் கொண்டு மழைமானி செய்விக்கிறேன். தமிழ் வாத்தியாருக்கு ஏன் இந்த வேலை என்று சிலர் கேட்பதுண்டு. மழையைப் பாடாத தமிழ் இல்லை. அளந்தும் பார்ப்போமே என்பேன்.

செய்வது எளிது. பக்கங்கள் நேராக உள்ள பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுங்கள். மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்து, புனல்போல அதன் வாயிலேயே வையுங்கள். அடிப்பகுதி கோணலாக இருக்கும். அதில் கூழாங்கல் போட்டு, பக்கங்கள் நேராகும் மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியமாகக் குறியுங்கள். அங்கிருந்து மேலே அடிமட்டத்தால் மில்லிமீற்றர் கோடுகள் போடுங்கள். கூரையும் மரமும் மறைக்காத வெளியில் நிமிர்த்தி வையுங்கள். நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்து எழுதுங்கள். கனமழை என்றால் மணிக்கொரு தடவை பாருங்கள்.

மண்சரிவுக்கென்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ள அளவுகள் இவை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்கவேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால், வெளியேறிவிட வேண்டும். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் தண்ணீர். ஏழு பேர்ச் காணியில் 150 மில்லிமீற்றர் பெய்தால் 26,000 லீற்றருக்கு மேலே தண்ணீர் இறங்குகிறது. அதாவது 26 தொன் பாரம். இந்தக் கணக்கை மாணவர்கள் கரும்பலகையில் தாங்களே போட்டுப் பார்த்த அன்று வகுப்பிலே சத்தமே இல்லை.

மழைமானியோடு கண்ணும் வேண்டும். தரையிலோ சுவரிலோ புதிதாக வெடிப்பு விழுந்தால், மரமும் கம்பமும் சாய்ந்தால், ஊற்று திடீரென்று வற்றினால், அல்லது புது இடத்தில் கிளம்பிக் கலங்கலாக ஓடினால், மலை பேசத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த அசரீரியைக் கேட்பதற்குச் செய்மதி தேவையில்லை.

விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்பு அடித்த காலம் ஒன்று தோட்டங்களில் இருந்தது. அந்தச் சத்தம் கேட்டால் லயத்தில் யாரும் படுத்திருக்க மாட்டார்கள். வேலைக்கு எழுப்புவதற்கு ஊர் முழுவதும் கேட்கும் சத்தத்தைக் கண்டுபிடித்தவர்கள், உயிரைக் காக்க எழுப்புவதற்கும் அப்படியொரு சத்தத்தை ஏற்படுத்தியிருக்கலாம். இன்று அந்தப் பொறுப்பு நம்முடையது. ஒவ்வொரு லயத்திலும் ஒரு மழைமானி, அதைப் பார்த்து எழுத ஒரு பிள்ளை, நள்ளிரவிலும் கதவைத் தட்ட ஒரு இளைஞன், தட்டினால் போய்த் தங்குவதற்கு முன்னரே பேசி வைத்த ஒரு கட்டடம். இவ்வளவும் நம் கைக்கு எட்டியவை. நிலமும் வீடும் கேட்டு வாங்க வேண்டியவை. எட்டியதைச் செய்துகொண்டே கேட்பதை விடாமல் கேட்கவேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது ஊவா மலைகளில் மீண்டும் பல இடங்களில் மண் சரிந்தது. மீண்டும் உயிர்கள் போயின. பதினொரு வருடங்களுக்குப் பின்னரும் பாட்டியின் கேள்வி பழையதாகவில்லை என்பதை அந்த இரவுகள் காட்டின.

அத்தான் அந்த வானை விற்று வெகு காலமாகிறது. கூரையிலிருந்து கழற்றிய அன்ரனா என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. மாணவர்கள் வந்தால் எடுத்துக் காட்டுவேன். 36,000 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வந்த குரலை இது பிடித்தது என்று சொல்வேன். கூடவே பாட்டி கேட்டதையும் சொல்வேன். எங்க போறது என்று அவர் கேட்டார். வானத்துக் குரல் அதற்குப் பதில் சொல்லாது, பிள்ளைகளே; அந்தப் பதிலை நிலத்தில் இருப்பவர்கள்தான் சொல்லவேண்டும் என்று முடிப்பேன்.